அறுபத்து நான்கில் ஒரு பங்கு

கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் 1937 முதல் ஒரு கப்பல் பாய் விரித்துப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் பெயர் புளூநோஸ். நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் லூனன்பர்க் ஊரில், ஸ்மித் அண்ட் ரூலண்ட் பட்டறையில் கட்டப்பட்டு, 1921 மார்ச் 26 அன்று கடலில் இறங்கிய ஸ்கூனர். நீளவாக்கில் பாய் கட்டும், இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல் இது. பின்னால் நிற்கும் மரம்தான் உயரமானது. குறுக்கே பருமல் கட்டிச் சதுரப் பாய் விரிக்கும் கப்பல்களில் ஆட்கள் உயரே ஏறி ஊசலாட வேண்டும். ஸ்கூனரில் பெரும்பாலான வேலை தளத்தில் நின்றபடியே கயிறு இழுப்பதோடு முடிந்துவிடும். கையில் இருக்கும் ஆட்களைப் பாய்க்குச் செலவழிக்காமல் மீனுக்குச் செலவழிக்கலாம். நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கிராண்ட் பேங்க்ஸ் திட்டுகளில் காட் மீன் பிடித்து, உப்பு போட்டு, கப்பலின் வயிற்றில் அடுக்கிக்கொண்டு வருவதுதான் இதன் தொழில்.

தொழில் அதுவானாலும் பிறப்பு ரோஷத்தில். 1920-ல் ஹாலிஃபாக்ஸ் ஹெரால்ட் பத்திரிகையின் அதிபர் மீனவர் கப்பல்களுக்கென்று ஒரு பந்தயக் கோப்பை வைத்தார். முதல் ஆண்டே அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்திலிருந்து வந்த எஸ்பெரான்டோ அதைத் தட்டிக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு கோப்பையைத் திரும்பப் பெறக் கட்டியதே புளூநோஸ். வரைந்தவர் வில்லியம் ரூவே, ஹாலிஃபாக்ஸில் சோடா கம்பெனி நடத்திய குடும்பத்துப் பிள்ளை, கப்பல் வரைகலையைத் தானே கற்றுத் தேர்ந்தவர். கேப்டன் ஆங்கஸ் வால்டர்ஸ். சும்மா பந்தயப் படகு கட்டிக்கொண்டு வந்தால் செல்லாது, மீன் பிடிக்கும் கப்பல்தான் ஓடலாம் என்பது விதி. 1921-ல் வென்ற கோப்பையைப் புளூநோஸ் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1938-ல் கடைசிப் பந்தயமும் அதற்கே.

அதே 1938-ல் எதிராளியின் ஊரான குளோஸ்டருக்கு நம்மவர்களும் போயிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். தமிழ் மாலுமிகள் அதை அட்லாண்டிக் தாண்டி அந்தத் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். அதைப் பற்றித் தனி நூலே எழுதலாம். இங்கே நம் வேலை வேறு.

இன்று உலகெங்கும் மேசைமேல் மரக்கப்பல் கட்டுகிறவர்கள் தேர்ந்தெடுக்கும் கப்பல்களில் புளூநோஸ் முன்வரிசையில் நிற்கிறது. பலர் கட்டும் அளவு 1:64. அடி அங்குலக் கணக்கில் ஓர் அடிக்கு மூன்று பதினாறாம் பங்கு அங்குலம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு கொஞ்சம் கணக்குப் போட்டால், கப்பலை நாம் சுருக்கவே இல்லை, வடிவத்தை மட்டும்தான் சுருக்குகிறோம் என்பது தெரிந்துவிடும்.

புளூநோஸின் மொத்த நீளம் 143 அடி. 64-ஆல் வகுத்தால் சுமார் 68 சென்டிமீட்டர். பாய்களின் பரப்பு ஆயிரம் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பரப்பு என்பதால் 64-ஐ இருமுறை பெருக்கி 4,096-ஆல் வகுக்க வேண்டும். மிஞ்சுவது கால் சதுர மீட்டர் துணி. எடை மும்முறை. 258 டன் கப்பலை 2,62,144-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒரே ஒரு கிலோ. நீளத்தில் 64 பங்கு குறைந்தது எடையில் இரண்டரை லட்சம் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

இந்த ஏற்றத்தாழ்வை முதலில் எழுத்தில் அலசியவர் கலிலியோ. 1638-ல் வெளியான அவருடைய கடைசிப் பெரிய நூல் வெனிஸ் நகரத்து ஆர்சனல் கப்பல் பட்டறையில்தான் தொடங்குகிறது. பெரிய கப்பலைக் கரையிறக்கும்போது மட்டும் ஏன் அவ்வளவு முட்டுக்கொடுக்கிறார்கள், சின்னதற்கு ஏன் வேண்டியதில்லை என்பது அங்கே எழும் கேள்வி. பாரம் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது, அதைத் தாங்கும் மரத்தின் குறுக்குவெட்டு இருமடிப் பெருக்கத்தில்தான் ஏறுகிறது. பெரிய மரக்கப்பல்கள் வயதாக ஆக நடு உயர்ந்து முனைகள் தொங்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் மேசைமேல் நிற்கும் 68 சென்டிமீட்டர் புளூநோஸுக்கு அந்த வியாதி வராது. தன் எடையைத் தாங்கும் விஷயத்தில் அது அசலைப் போல 64 மடங்கு பலசாலி.

ஆனால் மரத்துக்கும் நூலுக்கும் பெயின்ட்டுக்கும் தண்ணீருக்கும் அளவுகோல் கிடையாது. அவை முழு அளவிலேயே வந்து மேசையில் உட்காருகின்றன. மாதிரிக் கப்பல் கட்டுகிறவரின் தலைவலி முழுதும் அங்கேதான்.

முதலில் மரத்தேர்வு. புளூநோஸில் ஓக், ஸ்ப்ரூஸ், பிர்ச் முதலிய நோவா ஸ்கோஷியா மரங்கள் போயின. பாய்மரத்துக்கு மட்டும் ஆரிகன் பைன் வெளியிலிருந்து வந்தது. அசலில் ஓக் இருந்ததால் மாதிரியிலும் ஓக் போடுவேன் என்று கிளம்பினால் கெட்டது காரியம். ஓக்கின் நீர்க்குழாய்த் துளைகள் 0.3 மில்லிமீட்டர் அகலம் வரை போகும். அதை 64-ஆல் பெருக்கினால் கப்பல் பலகையில் இரண்டு சென்டிமீட்டர்ப் பள்ளம். கண் உடனே கண்டுபிடித்துவிடும். அதனால்தான் பாஸ்வுட், பேரி மரம், பாக்ஸ்வுட் என்று ரேகை கண்ணுக்குத் தெரியாத மரங்களைத் தேடுகிறார்கள். உண்மையான ஓக்கைவிட வண்ணமேற்றிய பாஸ்வுட் ஓக் மாதிரி இருக்கும்.

எலும்புக்கூடு சுலபம். ஏரா எனப்படும் அடிமரத்தை ஒரே தட்டையான பலகையில் வெட்டி, அதில் குறுக்குத் தட்டிகளைச் செருகி ஒட்டுவார்கள். அசல் கப்பலில் விலா எலும்புபோல் நெருக்கமாக நிற்கும் வங்குகளுக்குப் பதில் இந்தத் தட்டிகள். புளூநோஸ் கட்டும்போதே அணியம் எனப்படும் முன்பகுதியில் மாலுமிகள் தங்கும் அறையில் தலை இடிக்கக்கூடாது என்று தளத்தைச் சுமார் ஒன்றரை அடி உயர்த்தினார்கள். அது வேகத்துக்கு உதவியதா இல்லையா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. மாதிரியில் அந்த ஒன்றரை அடி 7 மில்லிமீட்டர். முன்தட்டி ஒன்றை 7 மில்லிமீட்டர் தாழ்த்தி வைத்துவிட்டால் கப்பலின் முகமே மாறிவிடும். பிறகு என்ன பெயின்ட் அடித்தாலும் அது புளூநோஸ் ஆகாது.

அடுத்தது பலகை பொருத்துவது. கட்டுகிறவர்களில் பலர் கைவிடும் இடம் இது. கப்பலின் உடல் இரண்டு திசையில் வளைந்த பரப்பு. வாழையிலையைக் கூம்பாகச் சுருட்டலாம், குடத்தின்மேல் சுருக்கமில்லாமல் ஒட்டிப் பாருங்கள், முடியாது. தட்டையான ஒரு பரப்பை நீட்டாமல் கிழிக்காமல் இருபுறமும் வளைந்த பரப்பாக்க வழியே இல்லை என்று கார்ல் ஃபிரீட்ரிஷ் காஸ் 1827-ல் கணிதமாகவே நிறுவினார். பலகையாக ஒட்டும் மெல்லிய மரக்கீற்றுப் பட்டை தன் தடிமன் பக்கம் சொன்னபடி வளையும். அகலப் பக்கம் வளை என்றால் முறுக்கிக்கொண்டு ஓர் ஓரத்தைத் தூக்கும். ஆகவே ஒவ்வொரு பட்டையையும் நடுவில் அகலமாகவும், அணியத்தை நெருங்க நெருங்கக் குறுகலாகவும் சீவ வேண்டும். கப்பலின் நடுச்சுற்றளவு பெரிது, முன்முனையின் உயரம் சிறிது, பட்டைகளின் எண்ணிக்கை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே. நடுவில் 5 மில்லிமீட்டர் இருக்கும் பட்டை முனையில் 3-க்கு இறங்குவது சாதாரணம். சீவாமல் நேர்ப்பட்டையாக ஒட்டிக்கொண்டே போனால் ஐந்தாறு வரிசை வரை எல்லாம் அழகாக இருக்கும். ஏழாவது பட்டை முந்தைய பட்டையின்மேல் ஏறிக்கொள்ளும்.

வளைப்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பலகை வளையும்போது வெளிப்புற இழை இழுபடும் விகிதம் தடிமனையும் வளைவின் ஆரத்தையும் பொறுத்தது. இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைத்தால் அந்த அளவு மாறாது. கப்பலின் பலகை மூன்று அங்குலம் என்றால் மாதிரிப் பட்டை 1.2 மில்லிமீட்டர். பார்க்கச் சன்னமாக இருக்கிறதே என்று அலட்சியமாக வளைத்தால், லூனன்பர்க்கில் மூன்று அங்குலப் பலகை எந்த இடத்தில் விரிசல் விடுமோ அதே இடத்தில் இதுவும் விடும். மருந்தும் அதேதான். மரத்தின் செல்லுலோஸ் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் லிக்னின், ஈரத்தோடு கூடிய சூட்டில், தண்ணீர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே, இளகிவிடும். இழைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி இடம் மாறும். ஆறியதும் புது இடத்திலேயே இறுகும். தச்சர்கள் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் நீராவியில் வைப்பார்கள். நம் பட்டைக்குச் சுடுநீரில் ஓரிரு நிமிடம் போதும். சூடு உள்ளே ஊடுருவும் நேரம் தடிமனின் இருமடியைப் பொறுத்தது என்பதால் இந்தச் சலுகை.

வளைத்த பட்டையை ஈரத்தோடு ஒட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அங்கேதான் பொறுமை வேண்டும். மரம் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். குறுக்கே நூற்றுக்கு ஆறேழு வரை போகும், ஏனென்றால் தண்ணீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகின்றன. 5 மில்லிமீட்டர்ப் பட்டை ஈரமாக ஒட்டப்பட்டுக் காய்ந்தால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விழும். 64-ஆல் பெருக்கிப் பாருங்கள்: கப்பலின் விலாவில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. ஆகவே தட்டிகளின்மேல் ரப்பர் பேண்டும் துணிக் கிளிப்பும் போட்டு வளைத்து, இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் வெள்ளைப் பசை தடவி ஒட்டுவதே முறை. அதற்கு மேலும் இடைவெளி விழுந்தால் இழைத்த மரத்தூளைப் பசையில் குழைத்துப் பட்டி பார்க்கலாம், தப்பில்லை. பெயின்ட் வரப்போகிறது.

தளத்துக்கு அந்தத் தப்பிக்கும் வழி கிடையாது, அங்கே மரம் மரமாகவே தெரியும். அசலில் தளப்பலகைகளுக்கு நடுவே நாரும் கீலும் அடைத்த கறுப்புக் கோடு ஓடும். அதன் அகலம் கால் அங்குலம் என்று வைத்தாலும் மாதிரியில் 0.1 மில்லிமீட்டர். இதைப் பேனாவால் கோடாக வரைய முயல்கிறவர்கள் உண்டு. மை மரத்தின் ரேகைக்குள் ஓடிப் பரவிவிடும். பட்டையின் ஓரத்தில் மென்மையான பென்சிலை ஒருமுறை தேய்த்துவிட்டு ஒட்டினால் கிராஃபைட் படலம் இரண்டு பட்டைக்கு நடுவே மாட்டிக்கொண்டு, வேண்டிய அகலத்தில் வேண்டிய கறுப்பில் கோடாகத் தெரியும்.

இனி பெயின்ட். மாதிரிக் கப்பலை மாதிரிக் கப்பல் என்று காட்டிக்கொடுப்பதும், இல்லை என்று நம்பவைப்பதும் இதுதான். பிரஷ்ஷால் ஒருமுறை அடித்த பெயின்ட் காய்ந்தபின் 40 மைக்ரான் தடிமன் இருக்கிறது என்று கொள்வோம். 64-ஆல் பெருக்கினால் கப்பலின்மேல் இரண்டரை மில்லிமீட்டர் பூச்சு. ப்ரைமர் ஒன்று, வண்ணம் மூன்று என்று நான்கு முறை அடித்தால் ஒரு சென்டிமீட்டர். பலகைகளின் சந்துகள், ஆணித்தலைகள், பொருத்தின ஓரங்கள் எல்லாம் அதற்கடியில் புதைந்துவிடும். அதனால் பெயின்ட்டை நீர்க்கக் கரைத்து மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிக்கச் சொல்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல். பிரஷ் முடிகள் விட்டுச்செல்லும் வரிகளைப் பரப்பு இழுவிசைதான் சமப்படுத்துகிறது. வரிகளுக்கு நடுவே உள்ள தூரம் பாதியானால் சமமாகும் நேரம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும், அந்தவகையில் நுண்முடி பிரஷ் லாபம். ஆனால் பூச்சின் தடிமன் பாதியானால் அதே நேரம் எட்டு மடங்கு கூடும். மெல்லிய பூச்சு சமமாகுமுன் காய்ந்துவிடும். இந்த இழுபறியிலிருந்து தப்பிக்கத்தான் பலர் ஏர்பிரஷ்ஷுக்குப் போகிறார்கள், அதில் வரி விழ முடியே இல்லை. வாங்க வசதியில்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். பூச்சுக்குப் பூச்சு 400-ம் நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பிரஷ்ஷிலேயே அந்த வழவழப்பு வரும். நேரம்தான் கூலி.

புளூநோஸுக்கு நீர்மட்டத்துக்கு மேல் கறுப்பு, கீழே செங்கல் சிவப்பு. அடிப்பாகத்தின் சிவப்பு அழகுக்காக வந்ததில்லை. சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசும் தாமிரப் பூச்சுகளில் குப்ரஸ் ஆக்சைடு சேர்ப்பார்கள், அந்தப் பொருளின் நிறமே அது. கடல்நீரில் மெல்லக் கரையும் தாமிர அயனிகள் ஒட்ட வரும் லார்வாக்களைக் கொன்றுவிடும். மேசைமேல் நிற்கும் கப்பலில் சிப்பி ஏறப்போவதில்லை என்றாலும் சிவப்பு சிவப்புதான்.

இரண்டு நிறமும் சந்திக்கும் நீர்மட்டக் கோடுதான் கையின் தரத்தைச் சொல்லும். வளைந்த உடலில் அளவுகோல் வைத்து அதை வரைய முடியாது. கப்பல் தண்ணீரில் எந்தச் சாய்வில் மிதக்குமோ அந்தச் சாய்வில் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, ஒரு கட்டையில் பென்சிலைக் கட்டி, மேசைமேல் அந்தக் கட்டையை நகர்த்திக்கொண்டே சுற்றி வந்தால் பென்சில் முனை ஒரே கிடைமட்டத்தில் கோடு போடும். தண்ணீர் செய்வதைத்தான் பென்சில் செய்கிறது. பிறகு மாஸ்கிங் டேப். டேப்பின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இருக்கும், பெயின்ட் அதில் நுழைந்து மறுபக்கம் பல் பல்லாக எட்டிப் பார்க்கும். முதலில் சிவப்பை அடித்துக் காயவிட்டு, டேப்பை ஒட்டி, டேப் ஓரத்தில் மறுபடி அதே சிவப்பை லேசாகத் தடவ வேண்டும். நுழைய வேண்டியது சிவப்பாகவே நுழைந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும், சிவப்பின்மேல் சிவப்பு தெரியாது. அது காய்ந்தபின் கறுப்பு அடித்து, முழுதும் இறுகுமுன் டேப்பை உரித்தால் கத்தியால் வெட்டியதுபோல் கோடு நிற்கும்.

கறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தூரத்துப் பொருள் காற்று மண்டலத்தால் வெளிறித் தெரியும், ஆகவே மாதிரியின் நிறங்களில் வெள்ளை கலக்க வேண்டும் என்று கைவினைஞர்கள் சொல்வதுண்டு. அரை மீட்டர் தள்ளி நின்று 1:64 மாதிரியைப் பார்ப்பது 32 மீட்டர் தள்ளி நின்று கப்பலைப் பார்ப்பதற்குச் சமம். தெளிந்த நாளில் 32 மீட்டர் காற்று எதையும் வெளிற வைக்காது. ஆனால் ஆலோசனை சரியானது, காரணம்தான் தவறு. நல்ல வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும், வீட்டுக்கூடத்தில் சில நூறுதான். அந்த மங்கலில் முழுக் கறுப்பு எல்லா நுணுக்கத்தையும் விழுங்கிவிடும். கறுப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்தால் பலகைச் சந்துகள் உயிர்பெறும். பளபளப்பும் வேண்டாம். பளபளப்பான பரப்பில் அறையின் ட்யூப்லைட் முழு அளவில் பிரதிபலிக்கும், கப்பலின் பக்கம் நூறடி நீள விளக்கு எரிவதாகக் கண் கணக்குப் போடும்.

பாய்த்துணி விஷயத்தில் நான் கட்சி மாறாதவன், கட்டவே வேண்டாம். 0.3 மில்லிமீட்டர் இழை அளவுப்படி இரண்டு சென்டிமீட்டர்க் கயிறு, கோணிச்சாக்கு கட்டியதுபோல் இருக்கும். பாயில்லாத மரங்களும் கயிறுகளும் போதும். அந்தக் கயிறுகளுக்கும் பருத்தி நூலைவிட பாலியெஸ்டர் நல்லது. முறுக்கிய பருத்தி நூலின் இழைகள் ஈரத்தில் தடிக்கும், தடித்த இழைகளைச் சுற்றி வர அதிக நீளம் வேண்டியிருப்பதால் நூல் குறுகும், வறண்டால் தொய்யும். மழைக்காலத்தில் பாய்மரத்தை வளைத்து, கோடையில் தளர்ந்து தொங்கும் கயிற்றை யார் கட்டிக்கொண்டிருப்பது?

கட்டி முடித்ததைத் தொட்டியில் மிதக்கவிட ஆசை வரும். அதற்கான கணக்கைத் தந்தவர் வில்லியம் ஃப்ரூடு. 1867-ல் டார்ட் ஆற்றில் இருவகை வடிவ மாதிரிகளை இழுத்துச் சோதித்தவர், பிறகு டார்கியில் தன் வீட்டருகே தொட்டி கட்டிப் பாரஃபின் மெழுகு மாதிரிகளை ஓட்டினார். கப்பல் எழுப்பும் அலை ஒத்துப்போக வேண்டுமானால் வேகத்தை நீள விகிதத்தின் வர்க்கமூலத்தால் குறைக்க வேண்டும் என்றார். 64-க்கு வர்க்கமூலம் 8. நீர்மட்டத்தில் 112 அடி நீளமுள்ள புளூநோஸ் தன் நீளத்துக்குச் சமமான அலையை எழுப்பும் வேகம் சுமார் 14 நாட். மாதிரியில் அது மணிக்கு மூன்றேகால் கிலோமீட்டர், நடக்கிற வேகம்கூட இல்லை. காற்றும் அதே எட்டால்தான். மின்விசிறியிலிருந்து மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று பட்டால் மாதிரிக்கு அது 80 கிலோமீட்டர்ப் புயல், பாய் விரித்திருந்தால் அப்படியே கவிழ்ந்துவிடும். அசலின் எடையை அளவுப்படி குறைத்து அதே காற்றில் நிறுத்தினால் மாதிரி 64 மடங்கு கவிழும் சுபாவம் கொண்டது. ஓடும் மாதிரிகளில் ஏராவுக்குக் கீழே அசலில் இல்லாத ஈயக்குண்டு தொங்குவது அதனால்தான்.

அசல் புளூநோஸ் சரக்குக் கப்பலாக விற்கப்பட்டு, 1946 ஜனவரியில் ஹெய்ட்டிக் கரையோரப் பவளப்பாறையில் மோதி உடைந்தது. மாதிரிக்கு அந்த விதி வராது, அதன் எதிரி வேறு. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஈயத்தில் வார்த்த நங்கூரமும் கப்பியும் பொருத்தி, ஓக் மரச்சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டியில் காற்றுப் புகாமல் அடைத்தால், அந்த மரம் கசியும் அசிட்டிக் அமில ஆவி பெட்டிக்குள் தேங்கி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். அருங்காட்சியகக் கப்பல்களே இப்படிக் கெட்டிருக்கின்றன. அந்தப் பொடி விஷம், ஊதித் தட்டக்கூடாது. ஆகவே கட்டப் போகிறவர்கள் பித்தளைப் பாகங்களை வாங்குங்கள். பெட்டிக்கு ஓக் வேண்டாம், அடியில் காற்றுப்போக்குக்கு இரண்டு துளைகள் கட்டாயம் விடுங்கள்.